மலையா மறைக்கிறது?

(கம்பிவழி இணையம் எட்டாத மலையகக் குடியிருப்புகள் குறித்து அக்கரப்பத்தனையில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் முழு வடிவம்)



கம்பி வராத வீட்டுக்கு இணையம் எவ்வாறு வரும் என்பதுபற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். மேடையேறிப் பேசவேண்டிய பொருளா இது என்று சிலர் எண்ணக்கூடும். கூலியைப்பற்றிப் பேசலாம், காணியைப்பற்றிப் பேசலாம், வீட்டைப்பற்றிப் பேசலாம். இணையம் கடையிலே விற்கிற சரக்குத்தானே, காசுள்ளவன் வாங்குவான், இல்லாதவன் வாளாவிருப்பான் என்று எண்ணக்கூடும்.

அந்த எண்ணம் பழையதாகிவிட்டது, நண்பர்களே! பிள்ளை எழுதிய பரீட்சையின் பெறுபேறு இன்று இணையத்தில் வெளியாகிறது. பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பம் இணையத்தின் வழியாகச் செல்கிறது. தம்புள்ளையில் கரட்டும் லீக்சும் இன்று என்ன விலை என்பதை, மூட்டை கட்டுமுன்னரே விவசாயி அறிந்துகொள்ள இணையம் உதவுகிறது. கடல் கடந்து வீட்டுவேலைக்குப் போன தாய், தன் குழந்தையின் முகத்தை மாலையிலே பார்ப்பதும் அதன் வழியாகத்தான். ஊருக்குச் செல்லும் பாதையை யாராவது சரக்கு என்று சொல்வார்களா? பாதை ஊரின் உரிமை. இணையமும் இன்று ஒரு பாதை. அந்தப் பாதை நம் லயத்து வாசலுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை, எப்படி வரவைப்பது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை காணவே நாம் இங்கே கூடியிருக்கிறோம்.

தேயிலைக்குத் திறந்த வழி

1883ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் கொழும்பிலே முதலாவது தேயிலை ஏலம் நடந்தது. மறு ஆண்டு, 1884இல், புகைவண்டி ஹட்டனை வந்தடைந்தது. 1885இல் நானுஓயாவைத் தொட்டது. குன்றைக் குடைந்து, பள்ளத்தை நிரப்பி, பாலம் சமைத்து அந்தத் தண்டவாளத்தை யாருக்காகக் கொண்டுவந்தார்கள்? தேயிலைப் பெட்டிக்காகக் கொண்டுவந்தார்கள். நம் முன்னோர் காட்டுவழியே காலால் நடந்து மலையேறினார்கள். அவர்கள் கிள்ளிய கொழுந்தோ வண்டியேறித் துறைமுகம் போயிற்று.

இது பழங்கதை என்று சொல்லாதீர்கள். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனா நோய்க்கு அஞ்சி நாட்டின் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. கொழும்பிலே தேயிலை ஏலமும் நடைபெற முடியாமற் போயிற்று. என்ன செய்தார்கள்? ஏறத்தாழ 137 ஆண்டுகளாக மண்டபத்திலே கூடிக் கூவி நடத்திய ஏலத்தை, ஏப்ரல் மாதத் தொடக்கத்திலேயே இணையத்துக்கு மாற்றிவிட்டார்கள். சில வாரங்களிலே முடிந்துவிட்டது அந்த மாற்றம்!

நான் அதைக் குறைகூறவில்லை. ஏலம் நின்றிருந்தால் தொழிற்சாலை நின்றிருக்கும். தொழிற்சாலை நின்றிருந்தால் நம் அடுப்பும் அணைந்திருக்கும். நான் கேட்பது வேறு. அந்தக் கொழுந்தைப் பறித்த தாயின் பிள்ளை எங்கே படித்தது? ஆசிரியர் கைத்தொலைபேசியில் பாடம் அனுப்பினார். லயத்திலே 'கவரேஜ்' இல்லை. பிள்ளைகள் பாறையைத் தேடிப் போனார்கள். மரத்தைத் தேடிப் போனார்கள். பதுளைப் பக்கத்துப் போகிட்டியாவ என்னும் சிற்றூரின் பிள்ளைகள், சிறுத்தையும் யானையும் நடமாடும் புதர்க்காட்டைக் கடந்து, மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, மலைப்பாறையின் உச்சியிலே அமர்ந்து பாடம் படித்த செய்தி 2021இல் உலகமெல்லாம் போயிற்று. அங்கே அவர்களை அழைத்துச் சென்றவரும் அவர்களுடைய ஆசிரியரே. தேயிலைக்குச் சில வாரங்களில் திறந்த வழி, பிள்ளைக்கு ஏன் திறக்கவில்லை?

கம்பி ஏன் ஏறவில்லை?

கேட்டால், "மலை மறைக்கிறது" என்கிறார்கள். அந்த விடையை நாம் ஆராய்ந்து பார்ப்போம்.

தொலைபேசிச் செப்புக் கம்பியிலே இணையத்தை அனுப்பும் முறை ஒன்று உண்டு. ஏ.டி.எஸ்.எல். என்பது அதன் பெயர். அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் செல்லச் செல்லச் செய்தியின் வலு குன்றும். நாலைந்து கிலோமீற்றர் தாண்டினால் பயனில்லை. தலவாக்கலையிலிருந்தும் லிந்துலையிலிருந்தும் வளைந்து வளைந்து ஏறுகின்ற நம் வீதிகளிலே நாலைந்து கிலோமீற்றர் எம்மாத்திரம்? அடுத்து வந்தது கண்ணாடி இழைக் கம்பி. அதிலே ஒளி ஓடுகிறது. தூரம் அதற்குத் தடையன்று, செலவே தடை. ஒரு கிலோமீற்றர் இழை இழுத்தால் எத்தனை வீடு பணம் கட்டும் என்று கம்பனி கணக்குப் பார்க்கிறது. "தோட்டப்புறத்தில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன, கட்டாது" என்று ஏட்டை மூடிவிடுகிறது.

சிதறியா கிடக்கின்றன? தோழர்களே, ஒரு லயத்திலே எத்தனை குடும்பம்? பத்து, பன்னிரண்டு; இரட்டைப்புற லயமானால் இருபதுக்கும் மேல். ஒரே கூரை, ஒரே சுவர், ஒரே வாசல்! செலவைச் சுருக்குவதற்காக வெள்ளைக்காரத் துரைமார் நம்மை ஒரே கூரையின்கீழ் அடைத்தார்கள். அந்த அடைப்பு நமக்கு இழைத்த அநீதி சொல்லி மாளாது. ஆயினும், கம்பனியின் கணக்கை அதே லயம் இன்று பொய்யாக்குகிறது. நகரத்திலே பன்னிரண்டு வீட்டுக்கு இணையம் கொடுக்கப் பன்னிரண்டு வாசலுக்குக் கம்பி இழுக்கவேண்டும். இங்கே ஒரு லயத்தின் கூரைக்கு ஓர் இணைப்பு வந்தால், பன்னிரண்டு குடும்பத்துக்கும் பங்கிடலாம். தனித் தனி வாடிக்கையாளனாகப் பார்த்தால் நாம் ஏழைகள்; ஒரு குடியிருப்பாகப் பார்த்தால் நாம் நல்ல வாடிக்கையாளர்கள்! இதையே நான் இன்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கம்பியில்லா வழிகள் மூன்று

கம்பி வாராவிட்டால் வேறு வழி உண்டா? உண்டு. மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன், இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி, கைத்தொலைபேசிக் கோபுரம். நான்காம் தலைமுறை அலை கோபுரத்திலிருந்து நேரே செல்லும் இயல்புடையது. இடையிலே மலைத்தோள் வந்தால் அதன் பின்னே நிழல் விழும். வெயிலுக்கு நிழல் விழுவதுபோல என்று எண்ணிக்கொள்ளுங்கள். லயம் பள்ளத்திலே இருந்தால் அது நிழலில் இருக்கிறது. போதாததற்குத் தகரக் கூரையும் கருங்கற் சுவரும் வருகிற சிறிதளவு அலையையும் தடுத்துவிடுகின்றன. ஆகையால், வீட்டுக்குள்ளே 'கவரேஜ்' இல்லை என்று கண்டவுடன், இவ்விடத்துக்கு அலையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கூரைக்கு மேலே, கம்பத்தின் உச்சியிலே, லயத்தின் இரு கோடிகளிலே, ஒவ்வொரு கம்பனியின் 'சிம்' அட்டையையும் இட்டுச் சோதித்துப் பாருங்கள். காலையிலும் இரவிலும் பாருங்கள். எல்லாரும் பாவிக்கும் இரவு ஏழு மணிக்குக் கிடைக்கிற வேகமே உண்மையான வேகம்.

கூரைக்கு மேலே சிறிதளவு அலை கிடைத்தாலும் போதும். கோபுரத் திசையை நோக்கும் அன்டெனாவைக் கம்பத்திலே பொருத்தி, ரவுட்டரை வீட்டிலே வைத்தால், உள்ளே செத்துக்கிடந்த இணைப்பு உயிர்பெறும். ஆனால் ஒன்று: அன்டெனாவிலிருந்து ரவுட்டருக்கு வரும் கம்பி நீண்டுவிட்டால், பிடித்த அலையைக் கம்பியே குடித்துவிடும். அதனால் அன்டெனாவும் கருவியும் ஒன்றாயமைந்த, கூரைமேலேயே பொருத்தும் வகை மேலானது. மின்னலுக்கு அஞ்சுங்கள். உயரத்திலே வைக்கிற எதற்கும் எர்த் கம்பி வேண்டும். ஒரு மின்னலிலே ரவுட்டர் கருகிப்போனால், ஒரு மாதச் சேமிப்பும் அதனோடு கருகிவிடும்.

இரண்டாம் வழி, வானத்து வழி. செய்மதி இணையம் புதியதன்று. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிகள் நெடுங்காலமாக இணையம் தருகின்றன. அத்தனை உயரம் போய்த் திரும்புவதால் கேள்விக்கும் விடைக்கும் இடையே ஏறத்தாழ அரை வினாடி கழியும். பேச்சுக்குப் பேச்சு இடறும். இப்போது 550 கிலோமீற்றர் அளவிலே பறக்கும் செய்மதிக் கூட்டம் வந்துவிட்டது. 2024இல் நமது தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டது; அவ்வாண்டு ஓகஸ்டில் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு உரிமம் வழங்கப்பட்டது; 2025 ஜூலை 2ஆம் நாள் சேவை தொடங்கியது. கோபுரம் வேண்டா, கம்பி வேண்டா, திறந்த வானமும் மின்சாரமும் போதும். பள்ளத்திலிருந்தாலும் தலைக்கு மேலே வானம் விரிந்திருந்தால் வேலை செய்யும். நிழல்மரக் கிளை குறுக்கே வந்தால் அறுந்து அறுந்து வரும்.

மலைநாட்டுக்கென்றே செய்ததுபோல இருக்கிறதல்லவா? விலையைக் கேளுங்கள். தொடங்கியபோது அறிவித்த விலையிலே கருவிக்கு மட்டும் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல். மாதக் கட்டணம் 12,000 ரூபாவுக்கு மேல். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவும் சேர்த்து, 1,750 ரூபா என்று அறிவித்தது. கணக்குப் போடுங்கள். கருவி வாங்க ஐம்பத்தேழு நாள் உழைப்பு! மாதக் கட்டணத்துக்கு ஏழு நாள் உழைப்பு! ஒரு குடும்பம் தாங்குமா? தாங்காது. இருபது குடும்பம் சேர்ந்தால், மாதக் கட்டணத்திலே ஒரு குடும்பத்தின் பங்கு அறுநூறு ரூபாவைச் சுற்றி நிற்கும். அரைநாட் சம்பளத்துக்கும் குறைவு! வீட்டுத் திட்டத்தை அயலாருக்குப் பங்கிட நிபந்தனை இடங்கொடாது. ஆதலால் சங்கத்தின் பெயரிலே, அதற்கேற்ற திட்டத்தைக் கேட்டுப் பெறவேண்டும். கட்டணம் சற்றுக் கூடினாலும் பங்கு குறைவாகவே இருக்கும்.

மூன்றாம் வழி, மலைக்கு மலை தாவும் வழி. ஒரு மலையுச்சியிலே நல்ல இணைப்புக் கிடைக்கிறது. அங்கிருந்து எதிர்மலை கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு அலையும் போகும். இரு முனையிலும் திசை நோக்கும் அன்டெனா வைத்தால், வீட்டிலே பாவிக்கும் வைஃபை அலையையே பல கிலோமீற்றர் அனுப்பலாம். மூடுபனி அதை மறைப்பதில்லை. மரமும் மண்ணுமே மறைக்கும். "மலை மறைக்கிறது" என்று சொல்லுகிறவர்களுக்கு நான் சொல்லுகிற மறுமொழி இதுதான்: பள்ளத்திலே நிற்பவனுக்கு மலை மறைக்கிறது, உச்சியிலே ஏறியவனுக்கு மலையே கோபுரமாகிறது!

செய்து காட்டியவர்கள்

இது வெறும் கற்பனை என்று எவரும் எண்ணவேண்டா. நேபாளத்திலே, இமயத்தின் அடிவாரத்து மியாக்தி மாவட்டத்தில், நாங்கி என்றொரு கிராமம். தொலைபேசிக் கம்பி எட்டாத ஊர். மகாபீர் புன் என்னும் ஆசிரியர் 2002ஆம் ஆண்டளவிலே மரத்தின் உச்சியில் அன்டெனாவைக் கட்டி, மலைக்கு மலை அலையைத் தாவச் செய்து, பொக்கராவிலிருந்து இணையத்தைக் கொண்டுவந்தார். பின்னர் பல கிராமங்கள் அந்த வலையிலே சேர்ந்தன. 2007இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. இமயத்திலே முடிந்தது, கிரிகல்பொத்தையின் அடிவாரத்திலே முடியாதா?

தமிழ்நாட்டைப் பாருங்கள். தேனியிலே அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களிலே சிறு கண் பரிசோதனை நிலையங்களை அமைத்தது. 2005ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்கப் பெர்க்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, நெடுந்தூர வைஃபை இணைப்பால் அந்த நிலையங்களை மருத்துவமனையோடு சேர்த்தார்கள். கிராமத்திலே நோயாளி, தேனியிலே மருத்துவர், இருவரும் ஒருவரையொருவர் திரையிலே பார்த்துப் பேசினார்கள். கண் பார்வைக்காகப் பேருந்தேறி ஒருநாட் கூலியை இழக்க வேண்டியிருக்கவில்லை.

நம் நாட்டிலேயே அநுராதபுர மாவட்டத்து மஹவிலச்சிய என்னும் காட்டோரக் கிராமத்திலே, 2006ஆம் ஆண்டளவில் வீடுகளைக் கம்பியில்லா வலையால் இணைத்துக் காட்டினார்கள். விவசாயிகளின் பிள்ளைகள் தம் வீட்டிலிருந்தே இணையத்தைக் கண்டார்கள்.

இன்னும் அருகே வருகிறேன். நமது அக்கர ஓயாத் தண்ணீர் எங்கே போகிறது? கொத்மலை ஓயாவோடு கலந்து கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அந்தக் கொத்மலையிலே ஒரு சமுதாய வானொலி இருந்தது. 1998ஆம் ஆண்டிலே, யுனெஸ்கோவின் துணையோடு, அவ்வானொலிக்கு இணையம் கொண்டுவந்தார்கள். கேட்போர் கடிதத்திலே கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்திலே தேடிப் பெரும்பாலும் சிங்களத்திலே விளக்குவார். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் பொதுமக்கள் வந்து பார்க்கும் நிலையங்களை அமைத்தார்கள். இணையம் என்றால் என்னவென்று கொழும்பிலேயே பலருக்குத் தெரியாத காலத்திலே, நம் ஆற்றின் கீழ்க்கரையிலே அது நடந்தது. அன்று கீழே போன தண்ணீரோடு நம் நினைவும் போய்விட்டதா?

தோல்வியையும் சொல்லவேண்டும், வெற்றியை மட்டும் சொல்லுகிறவன் வழிகாட்டியல்லன். 2001இல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியிலே, சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த கம்பியில்லாக் கருவியால் கிராமங்களுக்கு இணைய நிலையங்கள் வந்தன. சில ஆண்டுகளிலே பல மூடப்பட்டன. வருமானம் கட்டவில்லை, கருவி பழுதானபோது கைகொடுக்க ஆளில்லை. இதிலே நமக்குப் பாடம் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் பலர். மின்கலம் பழுதாகும் நாளிலே வருகிறவர் எவருமில்லை. ஆகவே பழுது பார்க்கும் கை உள்ளூர்க் கையாக இருக்கவேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு இளைஞரும் இரண்டு யுவதியரும் அதைக் கற்றுக்கொண்டால் வலை நிலைக்கும்.

மலையல்லாத தடைகள்

வழியிருக்கிறது, கருவியிருக்கிறது, முன்மாதிரியிருக்கிறது. பிறகு தடுப்பது எது? நான்கு தடைகளைச் சொல்லுகிறேன். நான்கிலே ஒன்றுகூட மலையன்று!

முதல் தடை முகவரி. இணைப்புக் கேட்டுப் போனால், "முகவரிக்கு அத்தாட்சி கொண்டு வா" என்கிறார்கள். லயத்து அறைக்கு இலக்கம் உண்டா? வீதிக்குப் பெயர் உண்டா? தலைமுறை தலைமுறையாக நம் கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்ட அலுவலகத்தின் வழியாக நம் கைக்கு வந்தன. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கிடைத்த துயரத்தை இங்கே எத்தனை குடும்பங்கள் அறியும்! கடிதத்துக்கு இருந்த அதே தடை, இன்று இணையத்துக்கும் வந்து நிற்கிறது. வீட்டுக்கு இலக்கம் கொடுங்கள் என்ற கோரிக்கை, இணையத்துக்கும் முதற் கோரிக்கை.

இரண்டாம் தடை கூரை. அன்டெனாவைக் கூரையிலே பொருத்தவேண்டும். யாருடைய கூரை? 1992இல் பெருந்தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. லயமும் அதனோடு போயிற்று. வாழுகிறவன் ஒருவன், உரிமை வேறொருவரிடம். ஓர் ஆணி அடிப்பதற்கும் அனுமதி கேட்கவேண்டிய நிலையிலே, ஒரு கம்பம் நடுவது எப்படி? வீட்டுரிமையும் காணியுரிமையும் வேறு, இணையம் வேறு என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கம்பத்தைச் சற்றுப் பாருங்கள். 2017 மே மாதம் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவைபோலப் புதிதாய் எழும் ஒவ்வொரு வீட்டுத் திட்டத்திலும் தண்ணீருக்குக் குழாய் வைப்பதுபோல, இணையத்துக்கு ஒரு பொதுக் கம்பமும் கம்பி செல்லும் குழாயும் ஆரம்பத்திலேயே வைக்கப்படவேண்டும்.

மூன்றாம் தடை உரிமம். 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, இணைப்பைப் பொதுச் சேவையாக நடத்த உரிமம் வேண்டும். பெருங் கம்பனிக்குரிய அதே வாயிலிலே ஒரு லயத்துச் சங்கத்தையும் நிறுத்துவது நியாயமா? கூட்டுறவுச் சங்கங்கள் தம் உறுப்பினருக்கு மட்டும் இணையம் பங்கிட, எளிய உரிமம் ஒன்றைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உண்டாக்கவேண்டும். செய்மதிக்காகச் சட்டத்தைத் திருத்த முடிந்தது. சங்கத்துக்காக ஒரு விதியை எழுத முடியாதா?

நான்காம் தடை விலையின் அமைப்பு. சில இணையத் திட்டங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பகுதி டேட்டாவை நள்ளிரவு முதல் காலை வரை என்று வைத்திருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து பிரட்டுக்களத்துக்குப் போகிற தாய்க்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் அந்த நேரம் எதற்கு? மாதக் கட்டணம் கட்ட இயலாதவர்கள் சிறுகச் சிறுக 'ரீலோட்' செய்கிறார்கள். சிறுகச் சிறுக வாங்குகிறவனுக்கு விலை அதிகம். அரிசியிலும் அப்படித்தான், இணையத்திலும் அப்படித்தான்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 2003ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டு அழைப்புகள்மீது தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணம் அறவிடப்பட்டு வந்தது. கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பைக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். அந்த அழைப்புகளிலே, வளைகுடா நாட்டு வீடுகளிலே உழைக்கும் நம் தாய்மாரின் அழைப்பு எத்தனை! கிராமங்களுக்குக் கோபுரம் அமைக்கும் 'கமட்ட சன்னிவேதனய' திட்டம் இரத்தினபுரி மாவட்டத்திலே தொடங்கியது. நல்லது, வரவேற்கிறோம். தோட்டமும் கிராமந்தான் என்பதை அந்தத் திட்டம் தன் வரைபடத்திலே ஒப்புக்கொள்ளவேண்டும்.

உயிரோடு தொடர்புடைய காரியம்

2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் வீசியதை யாரும் மறக்கமாட்டீர்கள். நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நம் மாவட்டத்திலே மண் சரிந்தது, வீதி அறுந்தது, மின்சாரம் போயிற்று, தொலைபேசியும் ஊமையாயிற்று. அடுத்த மலையிலே இருக்கும் அண்ணன் உயிரோடிருக்கிறானா என்று அறிய வழியில்லாத நாட்கள் அவை. கோபுரத்துக்குப் போகும் இழை அறுந்தாலும், கோபுரத்து மின்கலம் தீர்ந்தாலும், ஒரே வழியை நம்பியிருந்த ஊர் இருளில் மூழ்கும். அதனாலேதான் இரண்டு வழி வேண்டும் என்கிறேன். தோட்டத்துக்கு ஒரு செய்மதிக் கருவி, அதற்கொரு சூரியத் தகடும் மின்கலமும், பள்ளிக்கூடத்திலோ மருந்தகத்திலோ இருக்கட்டும். நல்ல நாளிலே அது பிள்ளைக்குப் பாடம் சொல்லும். கெட்ட நாளிலே ஊரைக் காக்கும்.

நாம் செய்யவேண்டியது

அரசு செய்யட்டும், கம்பனி செய்யட்டும் என்று கைகட்டி நிற்பதற்காக நான் இவ்வளவும் சொல்லவில்லை. முதல் வேலை, அளப்பது. டயகமவிலிருந்து ஹோல்புரூக் வரை, மன்றாசியிலிருந்து டொரிங்டன் வரை, எந்த லயத்திலே எந்தக் கம்பனியின் அலை எவ்வளவு கிடைக்கிறது என்று இளைஞர்கள் ஏட்டிலே குறியுங்கள். எந்த உச்சியிலிருந்து எந்த லயம் தெரிகிறது என்று குறியுங்கள். 'கவரேஜ் இல்லை' என்னும் முறைப்பாட்டை எவரும் ஒதுக்கிவிடலாம். இலக்கம் நிறைந்த ஏட்டை ஒதுக்க முடியாது.

இரண்டாவது, சேர்வது. தோட்டங்களிலே வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. மரக்கறி விவசாயிகளுக்குக் கமக்காரர் அமைப்புகள் உண்டு. இவை ஒன்றுகூடி, லயத்துக்கு ஓர் இணைப்பு என்று கேட்கட்டும். தனியாள் கேட்டால் விற்பனையாளன் விலை சொல்லுவான். ஐந்நூறு குடும்பம் சேர்ந்து கேட்டால் விலையைப் பேசலாம்.

மூன்றாவது, கேட்பது. 2018ஆம் ஆண்டு தேர்தல் முதல் அக்கரப்பத்தனைக்குத் தனிப் பிரதேச சபை இருக்கிறது. அந்தச் சபையிலே தீர்மானம் வரட்டும்: வீட்டுக்கு இலக்கம், லயத்துக்குக் கம்பம், சங்கத்துக்கு உரிமம், பள்ளிக்கூடத்துக்கு இணைப்பு. நான்கே சொற்கள், நான்கும் நியாயம். கற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆசிரியர்களே, பொறியியலாளர்களே, கொழும்பிலே கணினி முன்னே அமர்ந்திருக்கும் மலையகத்துப் பிள்ளைகளே! அன்டெனா எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வாருங்கள்.

தோழர்களே! இந்த மலைகளை வெட்டிப் பாதை போட்டவர்கள் நம் முன்னோர். தண்டவாளம் அமையக் கல் சுமந்தவர்கள் நம் முன்னோர். மலை மறைக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆகவே அதை நம்மிடம் வந்து எவரும் சொல்லவேண்டா. உச்சியிலே ஒரு கம்பம் நடுவோம். அதற்கு வேண்டிய உரிமையைக் கேட்டுப் பெறுவோம். அடுத்த பரீட்சைப் பெறுபேற்றை நம் பிள்ளை தன் வீட்டு வாசலிலே அமர்ந்து பார்க்கட்டும்.